பிறந்த வீட்டுக் கடனை நிச்சயதார்த்தத்துக்கு முன் சொல்ல வேண்டுமா?

நொய்யல்கரை:
எனக்கு 27 வயது. கோயம்புத்தூரில் மாதம் 50,000 ரூபாய் சம்பளத்தில் வேலை செய்கிறேன். பஞ்சாலைத் தொழிலாளியான அப்பா வீடு கட்டக் கடன் கேட்டபோது, அவருடைய வருமானம் போதாது என்று வங்கியில் என்னையும் இணைக் கடன்தாரராகச் சேர்த்தார்கள். பத்திரம் அப்பா பெயரில் மட்டுமே இருக்கிறது. அவர் வேலையிலிருந்து நின்ற பிறகு 18,500 ரூபாய் தவணையை நான்தான் கட்டி வருகிறேன். இன்னும் ஒன்பது ஆண்டுகள் இருக்கின்றன. மூன்று ஆண்டுகளாகக் காதலிப்பவரோடு திருமணம் செய்ய இரு வீட்டாரும் சம்மதித்துவிட்டார்கள். அவரிடம் "வீட்டுக்குக் கொஞ்சம் கொடுக்கிறேன்" என்று மட்டுமே சொல்லியிருக்கிறேன். முழுவதையும் இப்போதே சொல்ல வேண்டுமா, அல்லது தம்பி படிப்பை முடித்துத் தவணையை ஏற்கும்வரை பொறுக்கலாமா?

திண்ணைவாசி:
இப்போதே சொல்லிவிடுங்கள், சகோதரி. நானும் இப்படித்தான் மறைத்தேன். திருமணமாகி நான்கு ஆண்டுகள் கழித்து நாங்கள் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோது, என் கடன் விவரங்களைக் காட்டும் சிபில் அறிக்கையைப் பார்த்த வங்கி அலுவலர் பழைய கடனைப் பற்றிக் கேட்க, பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் கணவருக்கு அப்போதுதான் விஷயமே தெரிந்தது. கடன் வாங்கியதை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் இன்றும் கேட்கிறார்.

பேரேடு:
தம்பி தவணை கட்டத் தொடங்கினாலும், வங்கி ஒப்புக்கொண்டு உங்கள் பெயரை நீக்காதவரை முழுக் கடனுக்கும் நீங்களும் பொறுப்பாளிதான். திருமணத்தால் அது மாறாது. வீட்டில் உங்களுக்கு உரிமை இல்லாததால், வட்டிக்கான வருமான வரிக் கழிவையும் நீங்கள் கோர முடியாது. "கட்டிக் கொடுத்த பெண்ணுக்கு என்ன கடமை" என்று யாராவது கேட்டால், பெற்றோரைப் பராமரிக்கும் பொறுப்பு மணமான மகளுக்கும் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1987ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்திருப்பதையும், மூத்த குடிமக்களுக்கான 2007ஆம் ஆண்டுச் சட்டம் பிள்ளைகள் என்பதில் மகளையும் சேர்த்திருப்பதையும் சொல்லுங்கள். வீட்டுக் கடனைக் கட்டுவதும் பராமரிப்பும் ஒன்றல்ல என்பது வேறு விஷயம்.

மேற்குவாசல்:
ஓர் ஆணாக ஒன்று கேட்கிறேன். உங்கள் காதலர் தம் வீட்டுக்கு எவ்வளவு கொடுக்கிறார் என்று கேட்டிருக்கிறீர்களா? நான் மாதந்தோறும் ஊருக்கு அனுப்பும் பணத்தைப் பற்றி என் மனைவி வீட்டில் யாரும் விசாரித்ததே இல்லை. மகன் கொடுத்தால் அது இயல்பு, மகள் கொடுத்தால் மட்டும் அனுமதி வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல் இதைச் சொல்லாதீர்கள். அவர் கணக்கையும் கேட்டு வாங்குங்கள்.

நொய்யல்கரை:
நேற்று சொல்லிவிட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தவர், தம் அக்கா திருமணத்துக்காக அடகு வைத்த நகைகளை இன்னும் மீட்கவில்லை என்றார். எனக்கும் அது புதிய செய்திதான். இருவர் கணக்கையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தபின், பெரிய மண்டபம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அவருடைய அம்மாவிடம் யார் சொல்வது என்பதுதான் இன்னும் முடிவாகவில்லை.