புஷ் என்ற ஒரு சொல்லுக்குள் இரண்டு பாகங்கள்: துவளுறையும் நழுவுறையும்

மு.க. எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

தேய்ந்த சஸ்பென்ஷன் பாகங்களை வீட்டிலேயே மாற்றுவதற்கான கையேட்டு வரைவில் சுருள்வில், பந்துமூட்டு, கீழ்க்கை (சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்ப்பக்கக் கை), சக்கரத் தாங்கி எல்லாம் சிக்கலில்லாமல் உட்கார்ந்துவிட்டன. இடிப்பது புஷ் ஒன்றுதான், அதாவது அசையும் பாகம் போல்ட்டில் மாட்டும் துளைக்குள் இருக்கும் குழல் போன்ற துண்டு. இப்போதைக்கு 'உறை' என்று எழுதியிருக்கிறோம். படிப்பவர் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று பாருங்கள். உறை என்றால் குழாய் வடிவத்தில் ஒன்று, அதற்குள் ஏதோ சுழல்கிறது, சுழல்வதற்குக் கிரீஸ் வேண்டும் என்று நினைப்பார். கீழ்க்கையின் புஷ்ஷுக்கு இந்த எண்ணம் தலைகீழ்.

அதில் மூன்று அடுக்குகள். வெளியே ஒரு எஃகுக் குழாய், உள்ளே ஒரு எஃகுக் குழாய், இடையில் இரண்டோடும் ஒட்டி வார்த்த ரப்பர். வெளிக்குழாய் கையின் துளையில் அழுத்தி இறக்கப்பட்டிருக்கும். உள்குழாய் சற்றே நீளம் கூடியது. போல்ட்டை இறுக்கினால் பிராக்கெட்டின் இரு காதுகளும் அதன் முனைகளைக் கவ்விக்கொள்ளும். அதற்குப் பிறகு உள்குழாய் அசையாது. சக்கரம் ஏறி இறங்கும்போது கை திரும்புவது முழுக்க ரப்பர் முறுகிக் கொடுப்பதால்தான். எதுவும் எதன்மேலும் வழுக்குவதில்லை.

இதைச் சொல்லுக்குள்ளேயே காட்ட முடியுமா?

----

செ. எழுதியது:

'ரப்பர் உறை' என்று எழுதிவிட்டுப் போகலாமே ஐயா. பட்டறையில் ரப்பர் புஷ் என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள். எல்லோருக்கும் தெரிந்ததை விட்டுவிட்டுப் புதிதாக எதற்கு?

----

மு.க. எழுதியது:

> 'ரப்பர் உறை' என்று எழுதிவிட்டுப் போகலாமே

கீழ்க்கைக்கு மட்டும் என்றால் போகலாம் செ. அவர்களே. ஆனால் அதே கண்ணில், அதாவது புஷ் உட்காரும் துளையில், பாலியூரித்தேன் புஷ் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பார்வைக்கு அதுவும் ரப்பர் மாதிரிதான். வேலை செய்யும் விதம் வேறு: பெரும்பாலானவை இரண்டு பாதிகளாக வரும், நடுவில் தனி எஃகுக் குழாய், எதுவும் எதோடும் ஒட்டியிருக்காது. குழாயின்மேல் பாலியூரித்தேன் சறுக்கித்தான் கை திரும்பும். அதனால்தான் கூடவே கிரீஸும் தருகிறார்கள். பூசாமல் மாட்டினால் கிறீச்சிடும்.

இன்னொரு பக்கம், இலைவில்லின் கண்ணில் சில வண்டிகளில் ரப்பர் புஷ், சில கனரக வண்டிகளில் கிரீஸ் நிப்பிளோடு வெண்கல புஷ். இடம் ஒன்றே, பெயர் ஒன்றே, பராமரிப்பு நேர் எதிர். பொருளின் பெயரை வைத்துப் பிரித்தால் பாலியூரித்தேன் எந்தப் பக்கம் என்று ஒவ்வொரு முறையும் விளக்க வேண்டிவரும். அசைவை வைத்துப் பிரித்தால் அந்தத் தொல்லை இல்லை. திருகி நெளிவது ஒரு வகை, சறுக்குவது ஒரு வகை, அவ்வளவுதான்.

----

த. எழுதியது:

அசைவை வைத்துப் பிரிப்பது சரி. பிரெஞ்சிலும் ஸ்பானிஷிலும் இந்த ஒட்டிய ரப்பர் வகைக்குச் 'சைலன்ட்பிளாக்' என்ற வணிகப் பெயரே பொதுப்பெயராக நிலைத்துவிட்டது. சத்தம் போடாது என்பதை அந்தப் பெயர் சொல்கிறது, எப்படி அசைகிறது என்பதைச் சொல்லவில்லை. நாம் அதைவிட நன்றாகச் செய்யலாம்.

என் பரிந்துரை: ஒட்டிய ரப்பருக்கு 'நெகிழுறை', சறுக்குவதற்கு 'வழுக்குறை'.

----

செ. எழுதியது:

இரண்டிலும் வில்லங்கம் இருக்கிறது. நெகிழுறையை வேகமாகப் படிப்பவருக்கு நெகிழி உறைதான் கண்ணில் படும், அதாவது கடையில் தரும் பிளாஸ்டிக் பை. வழுக்குறையை 'வழு, குறை' என்று பிரித்துப் படித்தால் பாகமே பழுது என்று அர்த்தமாகிவிடும். 'முறுக்குறை' என்று யாராவது தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், அது தின்பண்டக் கணக்கில் சேர்ந்துவிடும்.

புதுச்சொல் வேண்டும் என்பதை ஏற்கிறேன். உறை என்ற அடி இருக்கட்டும். கையில் எடுத்துப் பார்த்தால் அது உறைதானே. முன்னால் வரும் வினையை மாற்றுங்கள். துவளுறை, நழுவுறை. இரண்டும் ஒரே அச்சில் வருகின்றன, உச்சரிப்பில் முட்டலும் இல்லை.

----

த. எழுதியது:

துவளுறை என்றதும் துவண்டு போனது, வாடியது என்ற பொருள் முன்னால் வந்து நிற்கிறதே? புதுப் பாகத்துக்கு அப்படி ஒரு பெயரா?

----

செ. எழுதியது:

துவளுதலுக்கு வளைந்து கொடுத்தல் என்ற பொருளும் வழக்கில் உண்டு. கொடி துவள்கிறது, இடை துவள்கிறது என்றால் யாரும் பழுது என்று நினைப்பதில்லை. தவிர, இந்தப் பாகத்தின் தோல்வியும் அந்தத் துவளலில்தான் தொடங்குகிறது: ரப்பர் அளவுக்கு மேல் முறுகிக் கிழியும், அல்லது எஃகிலிருந்து ஒட்டு விடும். நழுவுறையின் தோல்வி தேய்மானம். இடைவெளி விழுந்து ஆட்டம் வரும். பெயரைக் கேட்டாலே எதைப் பார்க்க வேண்டும் என்று தெரிகிறது அல்லவா?

----

ர. எழுதியது:

வணக்கம். சொல்லைப் பற்றி எனக்குத் தகராறு இல்லை, துவளுறையே இருக்கட்டும். ஆனால் கையேட்டில் 'வண்டியின் எடை சக்கரத்தில் இருக்கும் உயரத்தில் இறுக்கவும்' என்று ஒரே வரியில் கடந்திருக்கிறீர்கள். ஏன் என்று சொல்லாவிட்டால் யாரும் செய்யமாட்டார்கள். சக்கரம் தொங்கும்போது ஸ்பேனர் போட நிறைய இடம் இருக்கும், ஆசை அங்கேதான் வரும்.

கணக்கைப் போட்டே காட்டிவிடலாம். கீழ்க்கையின் நீளம் 350 மில்லிமீட்டர், வண்டி நிற்கும்போது கை ஏறத்தாழ படுக்கைவாட்டில் இருக்கிறது என்று கொள்வோம். ஸ்டாண்டில் தூக்கியதும் சக்கரம் 100 மில்லிமீட்டர் கீழே தொங்குகிறது. 100ஐ 350ஆல் வகுத்தால் 0.286, அந்த சைன் மதிப்புக்குரிய கோணம் சுமார் 16.6 டிகிரி. இந்த நிலையில் இறுக்கினால் ரப்பரின் சுழி, அதாவது முறுக்கே இல்லாத நிலை, அங்கேயே அமைந்துவிடும். வண்டியை இறக்கி நிறுத்தினாலே ரப்பர் 16.6 டிகிரி முறுகியிருக்கும், இரவெல்லாம் அப்படியே நிற்கும். மேட்டில் ஏறிச் சக்கரம் இன்னும் 80 மில்லிமீட்டர் மேலே போனால் 13.2 டிகிரி கூடி, மொத்தம் 30ஐத் தொடும். நிற்கும் உயரத்தில் இறுக்கியிருந்தால் அதே பயணத்தில் ரப்பர் ஒரு பக்கம் 16.6, மறுபக்கம் 13.2 என்று பிரித்து வாங்கிக்கொண்டிருக்கும்.

புதுப் பாகம் சீக்கிரமே கிழிந்துவிட்டது, கம்பெனி சரியில்லை என்று வரும் புகார்களில் இதையும் ஒரு முறை சந்தேகப்பட வேண்டும். முறுகிய ரப்பர் கூடுதல் வில்லாக வேலை செய்து வண்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடிப்பதும் உண்டு.

நழுவுறைக்கு இந்தச் சுழி கிடையாது. எந்த நிலையில் இறுக்கினாலும் ஒன்றுதான். உங்கள் இரு பெயர்களுக்கும் உண்மையான பயன் இங்கேதான்.

----

மு.க. எழுதியது:

ர. அவர்களுக்கு நன்றி. கணக்கை அப்படியே சேர்த்துக்கொள்கிறேன். வரைவின் இந்தப் பகுதியைச் சொற்களோடு பொருத்திப் பாருங்கள்:

"பிரிப்பதற்கு முன், வண்டி சமதரையில் நிற்கும்போது சக்கரத்தின் மையத்திலிருந்து மேலே மட்கார்டின் விளிம்புவரை அளந்து எழுதிக்கொள்ளவும். இரு பக்கமும் தனித்தனியாக.

வண்டியை ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கழற்றி, கீழ்க்கையை இறக்கவும். பழைய துவளுறையில் வெற்றிடங்கள் இருந்தால் அவை எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று கையின்மேல் கோடு போட்டுக் குறிக்கவும். அந்த வெற்றிடங்கள் ரப்பரை ஒரு திசையில் மென்மையாகவும் மறு திசையில் விறைப்பாகவும் ஆக்குவதற்காக விட்டவை. திருப்பி இறக்கினால் பிரேக் பிடிக்கும்போது வண்டியின் போக்கே மாறும்.

பிரஸ் இல்லையென்றால் தடித்த திருகு கம்பி, இரண்டு நட், கனமான வாஷர், இரண்டு குழாய்த் துண்டுகள் போதும். தள்ளும் குழாயின் வெளிவிட்டம் துவளுறையின் வெளிக்குழாயைவிட இம்மி குறைவாக இருக்க வேண்டும். வாங்கும் குழாயின் உள்விட்டம் வெளிக்குழாய் தாராளமாக நுழையும் அளவு. திருகுக்கு எண்ணெய் விடவும், இல்லையென்றால் மரை பிடித்துக்கொள்ளும்.

இறங்க மறுத்தால் ரப்பரை அறுத்தெடுத்துவிட்டு, ஹாக்ஸா பிளேடால் வெளிக்குழாயை நீளவாக்கில் ஒரே இடத்தில் அறுத்து உள்நோக்கி மடக்கவும். பிளேடு கையின் துளையைக் கீறக் கூடாது. ரப்பரைக் கொளுத்தி எடுக்க வேண்டாம். புகை நச்சு, அலுமினியக் கை என்றால் சூட்டில் உறுதியும் போகும்.

துளையின் துருவை எமரித் தாளால் எடுத்துவிட்டுப் புதியதை நேராக இறக்கவும். அழுத்தம் வெளிக்குழாயின் விளிம்பில் மட்டும் விழ வேண்டும். உள்குழாயையோ ரப்பரையோ தள்ளினால் ஒட்டு அப்போதே விட்டுப்போகும். மாட்டிய பிறகு அது கண்ணுக்குத் தெரியாது.

கையை மாட்டி, போல்ட்டுகளைக் கையால் மட்டும் திருகி வைக்கவும். சக்கரத் தாங்கியின் அடியில் ஜாக்கி வைத்து, முன்பு எழுதிய அளவு வரும்வரை உயர்த்தவும். ஸ்டாண்ட் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இந்த உயரத்தில்தான் துவளுறையின் போல்ட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கும் அளவைக் காட்டும் ஸ்பேனர்) இறுக்க வேண்டும்."

----

ர. எழுதியது:

நன்றாக இருக்கிறது. சில திருத்தங்கள்.

ஜாக்கியை உயர்த்தும்போது வண்டி ஸ்டாண்டைவிட்டுக் கிளம்பத் தொடங்கினால் அங்கேயே நிறுத்த வேண்டும் என்று எழுதுங்கள். எடை குறைந்த வண்டிகளில் எழுதிய அளவு வருவதற்கு முன்பே அது நடக்கலாம். அப்போது சக்கரத்தை மாட்டி வண்டியைச் சரிவுப் பலகைமேல் ஏற்றி இறுக்குவதே வழி. ஜாக்கியை மட்டும் நம்பி யாரும் அடியில் போகக் கூடாது என்பதும் ஒரு தனி வரியாக வரட்டும்.

இறுக்க அளவுக்குப் பொது எண் தர வேண்டாம், அந்தந்த வண்டியின் கையேடுதான் கணக்கு. பழைய கையேடுகள் கிலோகிராம் விசை மீட்டரில் தரும், அதை 9.81ஆல் பெருக்கினால் நியூட்டன் மீட்டர். டார்க் வைத்த பிறகு இத்தனை டிகிரி கூடுதலாகத் திருப்பு என்று சொல்லியிருந்தால் அந்த போல்ட் பெரும்பாலும் ஒரு முறைக்கு மட்டும். நைலான் வளையம் உள்ள நட்டும் அப்படியே.

துவளுறைக்குக் கிரீஸ் கூடாது என்பதற்குக் காரணமும் சேருங்கள். கனிம எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் ஊதி மென்மையாகிவிடும். எதையாவது தடவித்தான் இறக்க வேண்டும் என்றால் சோப்புத் தண்ணீர்.

வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட்.

----

த. எழுதியது:

ஒரே ஒரு இடறல் பாக்கி. உருளல் தடுப்புக் கம்பியை வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடிக்கும் அரைவட்ட ரப்பரை எதில் சேர்ப்பது? ரப்பர்தான், ஆனால் பல வண்டிகளில் கம்பி அதற்குள் திரும்புகிறது. வேறு சிலவற்றில் கம்பியோடு ஒட்டியே வருகிறது.

----

மு.க. எழுதியது:

அங்கேயும் அசைவைப் பார்த்தால் போதும். கம்பி உள்ளே திரும்பினால் நழுவுறை, ஒட்டி வந்தால் துவளுறை. ஆனால் நழுவுறை என்றாலே கிரீஸ் என்று பொதுவிதி எழுத முடியாது என்பதை உங்கள் எடுத்துக்காட்டு காட்டிவிட்டது. இது ரப்பராக இருப்பதால் சாதாரண கிரீஸ் இங்கேயும் ஆகாது. சில வண்டிகளில் உள்பக்கம் வழுவழுப்பான துணி ஒட்டியிருக்கும், அதற்கு எதுவுமே வேண்டாம். ஆகவே பதிவை இப்படி முடிக்கிறேன்:

துவளுறை: எஃகோடு ஒட்டிய ரப்பர் முறுகுவதால் மட்டும் அசைவு தரும் புஷ். எண்ணெயோ கிரீஸோ படக் கூடாது. வண்டி நிற்கும் உயரத்தில் இறுக்க வேண்டும்.

நழுவுறை: ஒரு பரப்பு மற்றொன்றின்மேல் சறுக்குவதால் அசைவு தரும் புஷ். எந்த உயரத்திலும் இறுக்கலாம். மசகு வேண்டுமா, எந்த மசகு என்பதைப் பாகத்தின் பொருள் தீர்மானிக்கும்.

முதல் முறை வரும் இடத்தில் மட்டும் 'துவளுறை என்னும் ரப்பர் புஷ்' என்று எழுதுகிறேன், பாகம் வாங்கப் போகிறவர் கேட்கத் தெரியாமல் நிற்கக் கூடாது. ஷாக் அப்சார்பரின் கீழ்க் கண்ணில் இருப்பதும் துவளுறையே, ஆகவே அதன் போல்ட்டுக்கும் அதே உயரம். அந்த அத்தியாயத்தில் இந்த வரி விடுபட்டிருக்கிறது, இன்று சேர்த்துவிடுகிறேன்.