இரண்டரை டாலரில் தோற்றேன் என்று சொல்லக் கூடாதாம்!

ரூக்கி ராஜா:
"உங்க அதிகபட்சத் தொகையைப் போட்டுட்டுப் போய்த் தூங்குங்க, மீதியைத் தளம் பார்த்துக்கும்"னு நேத்து ஒருத்தர் ஈபே ஏலத்துக்குப் புதுசா வர்றவங்களுக்கு இங்க பாடம் எடுத்திருந்தார். படிச்சதும் பத்திக்கிட்டு வந்துச்சு. அதைத்தான் நானும் செஞ்சேன். 1989ல அப்பர் டெக் கம்பெனி போட்ட பேஸ்பால் வீரர் கென் கிரிஃபி ஜூனியர் கார்டு, அந்த செட்டோட முதல் நம்பர், பிஎஸ்ஏ நிறுவனம் பத்துக்கு 9 கிரேடு கொடுத்தது. ஏலம் ஆரம்பிச்ச அன்னைக்கே என் உச்சமா 110 டாலர் போட்டேன். அது யாருக்கும் தெரியாது, அடுத்தவங்க கேட்கக் கேட்கத் தளமே எனக்காகத் தேவையான அளவு மட்டும் ஏத்தும். வாரம் முழுக்க 61ல நான்தான் முன்னணி. முடிய நாலு நொடி இருக்கும்போது ஒருத்தன் வந்தான், 112.50க்கு அள்ளிக்கிட்டுப் போயிட்டான். இரண்டரை டாலர்! இரண்டரை டாலருக்கு ஒரு கிரிஃபி போச்சு. தூங்கச் சொன்ன மகராசன் இப்ப வந்து பதில் சொல்லட்டும்.

பழைய ஏலக்காரன்:
அந்தப் பாடம் எடுத்தவன் நான்தான். பெயர் சொல்லியே கேட்டிருக்கலாம்.

நீங்கள் இரண்டரை டாலரில் தோற்கவில்லை. ஈபேயில் விலை 100 டாலரிலிருந்து 249.99 வரை இருக்கும்போது ஏலப்படி, அதாவது விலை ஒரு தடவைக்கு ஏறும் அளவு, 2.50 டாலர். உங்கள் 110க்கு மேல் ஒரு படி ஏறி 112.50ல் நின்றிருக்கிறது, அவ்வளவுதான். வென்றவர் 113 போட்டிருக்கலாம், 400 போட்டிருக்கலாம். இரண்டுக்கும் திரையில் 112.50 என்றுதான் காட்டும். 115 போட்டிருந்தால் கார்டு எனக்கு வந்திருக்கும் என்று நினைத்து வயிறெரிகிறீர்கள். வந்திருக்கும் என்பதற்கு ஒரு ஆதாரமும் இல்லை.

ரூக்கி ராஜா:
112.50ல 110 போனா மிச்சம் எவ்வளவு சார்? இரண்டரைதானே? கணக்கு கூடவா மாறிப்போச்சு?

கடைசி நொடி:
ராஜா சொல்வதில் நியாயம் இருக்கிறது. முதல் நாளே கேட்பது சீட்டைத் திருப்பிக் காட்டிவிட்டு ஆடுவது மாதிரி. உங்கள் தொகை தெரியாது என்பது உண்மை. ஆனால் ஒருத்தர் இருக்கிறார் என்று தெரிந்துவிடுகிறது. அதைப் பார்த்து நாலு பேர் எட்டிப் பார்ப்பார்கள், ஐந்தைந்து டாலராக ஏற்றிப் பார்ப்பார்கள். நான் எப்போதும் கடைசி ஐந்து நொடியில்தான் போடுவேன்.

இது வெறும் என் அனுபவம் மட்டுமல்ல. ஆல்வின் ராத், ஆக்சல் ஆக்கன்ஃபெல்ஸ் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் 2002ல் ஈபேயையும் அன்று இருந்த அமேசான் ஏலத்தையும் ஒப்பிட்டு எழுதியிருக்கிறார்கள். ஈபே குறித்த நொடியில் மூடிவிடும். அமேசானில் கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் ஏலம் இன்னும் 10 நிமிடம் நீளும். கடைசி நேர ஏலம் ஈபேயில்தான் கூடுதல். படிப்படியாக ஏற்றுகிறவர்களுக்கு மறுபடி யோசிக்க அவகாசம் கொடுக்காமல் இருப்பது புத்திசாலித்தனம்தான்.

பழைய ஏலக்காரன்:
ராத்தை நானும் படித்திருக்கிறேன், நன்றி. அந்த வாதம் பொருந்துவது எதிராளி படிப்படியாக ஏற்றுகிறவனாக இருந்தால். இங்கே வந்தவன் கடைசி நாலு நொடியில் ஒரே ஒரு முறை போட்டான். ராஜாவும் அதே நாலாவது நொடியில் 110 போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதே 112.50. அதே தோல்வி. அவர் மனதில் இருந்த விலை 110 என்றால், எப்போது போட்டாலும் 110தான். 110 அல்ல என்றால், ஏன் 110 போட்டார்?

இன்னொன்று. அந்த ஆளும் சரியாக 110 போட்டிருந்தால், முதலில் போட்டவர் என்பதால் கார்டு ராஜாவுக்குத்தான் போயிருக்கும். முன்கூட்டிக் கேட்பதில் இருக்கும் இந்த லாபத்தைக் கடைசி நொடிக்காரர்கள் யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

சந்தேகி:
ரெண்டு பேரும் விஷயத்தை விட்டுட்டீங்க. 61ல இருந்து யார் ஏத்திப் பார்த்தாங்கன்னு பாருங்க முதல்ல. விக்கிறவனோட கூட்டாளியே கேக்குற கதை இந்தத் தொழில்ல புதுசா? பில் மாஸ்ட்ரோ பேர் மறந்து போச்சா? கார்டு ஏலத்துல பெரிய கை. தன்னோட ஏலத்துலயே போலியா விலை ஏத்தினதுக்கு 2013ல குற்றத்தை ஒத்துக்கிட்டார், 2015ல 20 மாசம் ஜெயில்னு தீர்ப்பு. பிஎஸ்ஏ 8 வாங்கின அந்தப் பிரபல ஹோனஸ் வாக்னர் பேஸ்பால் கார்டோட ஓரத்தை வெட்டிச் சீராக்கினதையும் அப்பத்தான் ஒத்துக்கிட்டார். முதல் நாளே 110 போட்டுட்டுத் தூங்கினா, கூட்டாளி 70, 80, 90னு தட்டிப் பார்த்து உங்க உச்சி எங்கேன்னு கண்டுபிடிச்சிடுவான்.

பழைய ஏலக்காரன்:
ராஜாவின் ஏலம் வாரம் முழுக்க 61லேயே நின்றது. யாரும் தட்டிப் பார்க்கவில்லை. ஏதாவது எழுதுவதற்கு முன் முதல் பதிவைப் படியுங்கள். மாஸ்ட்ரோ செய்தது அயோக்கியத்தனம், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் எந்த இழையிலும் வந்து மாஸ்ட்ரோ, மாஸ்ட்ரோ என்று சொல்வதை ஒரு வாதமாக எடுத்துக்கொள்ள முடியாது.

சந்தேகி:
எனக்குத் தெரிஞ்சதை எழுதுறேன். நீங்க மட்டும்தான் இங்க எழுதணும்னு யாராவது பட்டா போட்டுக் கொடுத்திருக்காங்களா?

ஸ்லாப் சேகரன்:
ஒரு சின்னத் திருத்தம். வெல்ல வேண்டுமென்றால் எதிராளியின் உச்சத்தை முழு ஏலப்படி அளவுக்குத் தாண்டியாக வேண்டும். அதனால் ராஜா குறைந்தது இரண்டரை டாலரிலாவது தோற்றிருப்பார்.

பழைய ஏலக்காரன்:
தவறு. திரையில் தெரியும் விலைக்கு மேல் ஒரு படி தாண்டினால் போதும். மறைந்திருக்கும் உச்சத்தை ஒரு சென்ட் தாண்டினாலும் வெற்றிதான். 61 என்று காட்டுகிறது, ராஜாவின் மறைந்த உச்சம் 110. யாராவது 110.37 போட்டால் அவர்தான் வென்றவர், விலையும் 110.37 என்றே நிற்கும். அனுபவசாலிகள் முழு எண் போடாமல் 110.37, 151.13 என்று போடுவது இதனால்தான். முடிவு விலை இப்படிக் கோணல் எண்ணாக இருந்தால் வென்றவரின் உச்சமே அதுதான் என்று ஊகிக்கலாம். இங்கே வந்திருப்பது 112.50. சரியாக ஒரு படி. அதிலிருந்து எதுவும் ஊகிக்க முடியாது.

ரூக்கி ராஜா:
ஆஹா! அப்ப 37 சென்ட்லகூடத் தோக்கலாம்! இதைத்தானே நான் கரடியாக் கத்துறேன். 37 சென்ட்ல தோக்கலாம், இரண்டரை டாலர்ல தோக்கக் கூடாதா? அவன் 112.50 மட்டுமே போட்டிருந்தா? அதை உங்களால மறுக்க முடியுமா, முடியாதா?

பழைய ஏலக்காரன்:
மறுக்க முடியாது. நிரூபிக்கவும் முடியாது. நீங்கள்தான் "இரண்டரை டாலரில் தோற்றேன்" என்று அடித்துச் சொன்னவர். நிரூபிக்க வேண்டியதும் நீங்கள்தான்.

கமிஷன் கணக்கு:
இரண்டரை டாலருக்கு இத்தனை சண்டை. பெரிய ஏல நிறுவனங்களில் கேட்ட விலைக்கு மேல் 20 சதவீதம், 22 சதவீதம் என்று வாங்குபவர் கமிஷன் வைக்கிறார்களே, அதைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. 1952 டாப்ஸ் கம்பெனியின் மிக்கி மேன்டில் பேஸ்பால் கார்டு 2022ல் 1.26 கோடி டாலருக்குப் போனது என்கிறோம். ஏலத்தில் கேட்டது 1.05 கோடி. மீதி 21 லட்சம் கமிஷன்! புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியது இதை. 1000 டாலர்தான் கையில் இருக்கிறது என்றால் 20 சதவீதக் கமிஷன் உள்ள இடத்தில் 833க்கு மேல் கை தூக்கக் கூடாது.

ஸ்லாப் சேகரன்:
இன்றுவரை உலகிலேயே அதிக விலைக்குப் போன கார்டு அந்த மேன்டில்தான். அதற்குக் கமிஷன் கொடுத்தால் என்ன?

பழைய ஏலக்காரன்:
2025 ஆகஸ்டில் கூடைப்பந்து வீரர்கள் ஜோர்டான், கோபி பிரையன்ட் இருவரும் கையெழுத்திட்ட இரட்டை லோகோமேன் (சட்டையிலிருந்த என்பிஏ சின்னத் துணி பதித்த கார்டு) 1.2932 கோடி டாலருக்குப் போய் அந்தச் சாதனையைத் தாண்டிவிட்டது. நீங்கள் எந்த உலகத்தில் இருக்கிறீர்கள்?

ஸ்லாப் சேகரன்:
நாங்களும் இந்த உலகத்தில்தான் இருக்கிறோம் ஐயா. போன வருடம் என் கார்டின் படத்தைப் போட்டபோது "சென்டரிங் போய்விட்டது, படம் நடுவில் இல்லை, 8க்கு மேல் வராது" என்றீர்களே, அது 9 வாங்கி வந்ததே, அன்றைக்கு நீங்கள் எந்த உலகத்தில் இருந்தீர்கள்?

பழைய ஏலக்காரன்:
அந்தக் கார்டின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒரே அகலமில்லை. இன்றும் அதையேதான் சொல்வேன். கிரேடு கொடுப்பவர்களும் மனிதர்கள்தான்.

கடைசி நொடி:
விஷயத்துக்கு வாருங்கள். ஏலக்காரரே, கடைசி நொடிக்காரர்கள் மேல் உங்களுக்கு ஏன் இத்தனை கோபம்? சட்டப்படி, தளத்தின் விதிப்படிதான் போடுகிறோம்.

பழைய ஏலக்காரன்:
கோபம் உங்கள் மேல் இல்லை. "கடைசி நொடி மந்திரம்" என்று புதியவர்களை நம்பவைப்பதன் மேல். கடைசி நேரத்தில் யாராவது கேட்டால் 30 நிமிடம் நீளும் ஏலங்கள் இருக்கின்றன. சில இடங்களில் குறித்த நேரத்துக்கு முன் ஒரு முறையாவது கேட்டிருந்தால்தான் அந்த நீட்டிப்பிலேயே நுழைய முடியும். அங்கே போய்க் கடைசி ஐந்து நொடிக்குக் காத்திருப்பவர் கதவுக்கு வெளியில்தான் நிற்பார். நீளாத ஏலத்தில்கூட இணையம் ஒரு நொடி தடுமாறினால் போச்சு. தன் விலை எது என்று முன்பே முடிவு செய்துகொண்டவருக்கு இந்த நாடகம் எதற்கு?

கடைசி நொடி:
முன்பே முடிவு செய்கிறவர் எத்தனை பேர்? 95க்கு மேல் போக மாட்டேன் என்று உட்கார்ந்து 140ல் எழுந்திருக்கிறவர்கள்தான் அதிகம். அவர்களைச் சீண்டாமல் இருப்பதுதான் என் முறையின் பலம். ராத் சொன்னதும் இதுதான்.

பழைய ஏலக்காரன்:
ராத் ராஜாவுக்கு 112.50 தரவில்லை.

ரூக்கி ராஜா:
என் பேரை ஏன் இழுக்குறீங்க? ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் தூங்காம முழிச்சிருந்து, அந்த நாலு நொடியில 120 போட்டிருந்தா?

பழைய ஏலக்காரன்:
120 கொடுக்க மனம் இருந்தால் முதல் நாளே 120 போட்டிருக்க வேண்டும். இதைத்தான் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். "அதிகபட்சம்" என்று எழுதினேன், "மனதுக்குத் தோன்றிய ஒரு தொகை" என்று எழுதவில்லை. உண்மையான உச்சத்தைப் போட்டவருக்கு, அதற்கு மேல் போன கார்டில் இழப்பு ஒன்றும் இல்லை.

ரூக்கி ராஜா:
கார்டு போச்சு, இழப்பு இல்லையாம்! முழுசா ரெண்டு வருஷமா அந்தக் கார்டைத் தேடிக்கிட்டு இருக்கேன் சார். இரண்டரை டாலர்ல போச்சு. எத்தனை பக்கம் எழுதினாலும் இரண்டரை டாலர் இரண்டரை டாலர்தான்.

பழைய ஏலக்காரன்:
ஏலப்படி.

சந்தேகி:
இதெல்லாம் இருக்கட்டும், அந்த விக்கிறவனோட பழைய ஏலங்கள்ல யார் யார் கேட்டிருக்காங்கன்னு யாராவது பார்த்தீங்களா? ஏலத்தோட கடைசி 12 மணி நேரத்துக்கு முன்னாடி வாபஸ் வாங்கின ஏலக் கேள்வி எத்தனை இருக்குன்னு பாருங்க. கூட்டாளி உச்சியைத் தாண்டிட்டா டைப்பிங் தப்புன்னு சொல்லி வாபஸ் வாங்கிடுவான்.

பழைய ஏலக்காரன்:
வாரம் முழுக்க 61. அறுபத்தொன்று. இன்னும் எத்தனை தடவை எழுத வேண்டும்?

ஸ்லாப் சேகரன்:
என் கார்டுக்கு 9 கொடுத்தது தவறு என்கிறீர்களா? நேரடியாகச் சொல்லுங்கள்.