புதுப்பிப்பு: பாப்பா இப்போது சோறும் சாப்பிடுகிறாள், பாலும் குடிக்கிறாள்

பத்து மாதப் பாப்பா சோற்றைத் துப்புகிறாள், தாய்ப்பாலைக் குறைக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன அனைவருக்கும் நன்றி. பாலைக் குறைக்கவில்லை, நேரத்தைத்தான் மாற்றினேன்.

கும்பகோணம் பக்கம் எங்கள் ஊருக்கு வரும் செவிலியர் அக்கா தெளிவாகச் சொன்னார்: ஆறு மாதம் முதல் ஒரு வயது வரை பிள்ளைக்கு வேண்டிய சக்தியில் ஏறக்குறைய பாதி தாய்ப்பாலிலேயே கிடைக்கும், ஆனால் இரும்புச்சத்துக்கு அது போதாது. 2 வயதுக்கு மேலும் பால் கொடுக்கலாம் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது.

தூங்கி எழுந்ததும் பால். ஒரு மணி நேரம் விட்டு, நல்ல பசியில் சாப்பாடு. பொன்னி அரிசிச் சோறு, பருப்பு, முருங்கைக்கீரை, கொஞ்சம் நெய். மிக்ஸியில் அடிக்காமல் விரலால் மசித்து, கரண்டியைச் சாய்த்தாலும் வழியாத பதத்தில் வைக்கிறேன். அப்புறம் தட்டில் நான்கு பருக்கை போட்டால் இரண்டு விரலால் பொறுக்கித் தானே தின்கிறாள்! பார்க்கவே அவ்வளவு சந்தோஷம்.

அத்தைக்கு உப்பில்லாத சோறு என்றால் மனசு கேட்கவில்லை. ஆனாலும் ஒரு வயது வரை உப்பு, சர்க்கரை வேண்டாம். தேன் கூடவே கூடாது. முள் எடுத்த மீனும் பூவன் பழமும் பிடித்துவிட்டது. முட்டைக்குத்தான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.