பழைய லேப்டாப் தானாகவே ரீஸ்டார்ட் ஆகுது, லினக்ஸ் தெரிஞ்சவங்க உதவுங்க

வணக்கம் நண்பர்களே. 2013-ல வாங்கின லேப்டாப், 8 ஜிபி ரேம், டெபியன் 12 (லினக்ஸ்ல ஒரு வகை) ஓடுது. தங்கச்சியோட கல்லூரி ப்ராஜெக்ட் முழுக்க இதுலதான் நடக்குது. மூணு வாரமா எந்த எச்சரிக்கையும் இல்லாம சட்டுனு திரை கருத்து, திரும்ப பூட் ஆகுது. ஒரு நாளைக்கு ரெண்டு தடவையாவது.

முதல்ல சூடுன்னுதான் நினைச்சேன். வெப்பநிலை காட்டுற சென்சார்ஸ் கட்டளை 94 டிகிரி காட்டுச்சு. கழட்டிப் பார்த்தா ஃபேன் பக்கத்துல தூசி பஞ்சு மாதிரி அடைச்சிருந்துச்சு. சுத்தம் பண்ணி, புது தெர்மல் பேஸ்ட் தடவினதும் 70-ஐத் தாண்டல. ஆனா ரீஸ்டார்ட் நிக்கவே இல்ல. ரேமைச் சோதிக்கிற மெம்டெஸ்ட்டை ராத்திரி பூரா ஓட்டினேன், ஒரு பிழைகூட இல்ல.

முந்தைய பூட்டோட ஜர்னலை (சிஸ்டம் எழுதி வைக்கிற பதிவை) பார்த்தா, வழக்கமான வைஃபை செய்தியோட அப்படியே அறுந்து நிக்குது. ஷட்டவுன் ஆன தடயம் இல்ல. கெர்னல் பேனிக் (லினக்ஸோட மையப் பகுதியே செயலிழக்கறது) ஆகியிருந்தா டிஸ்க்ல எழுத நேரம் கிடைச்சிருக்காதுன்னு தெரியும், ஆனாலும் எனக்கு மின்சாரப் பக்கம்தான் சந்தேகம். பேட்டரியைக் கழட்டிட்டு சார்ஜர்ல மட்டும் ஓட்டினாலும் வருது. பேட்டரியில மட்டும் ஓட்டினப்போ வரல. ஆனா பேட்டரி 40 நிமிஷம்தான் தாங்குது, அதை வச்சு உறுதியா எதுவும் சொல்ல முடியல.

அடாப்டரா, சார்ஜிங் ஜாக்கா, மதர்போர்டான்னு வீட்டிலேயே பிரிச்சுப் பார்க்க வழி இருக்கா? மல்டிமீட்டர் இருக்கு. லோடு இல்லாம, அதாவது லேப்டாப்ல சொருகாம, அடாப்டரை அளந்தா 19 வோல்ட் சரியா காட்டுது. லோடு இருக்கும்போது எங்க வச்சு அளக்கறது? இதே சிக்கலைச் சரி பண்ணினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. அடுத்த வாரம் அவ ப்ராஜெக்ட் சமர்ப்பிக்கணும்.