டெக்சாஸ் சட்டம் தெரிந்தவர்கள் உதவுங்களேன்

வணக்கம். ஹூஸ்டனில் இருக்கிறேன். எங்கள் ஊர்ப் பள்ளி வாரியத் தேர்தல் பற்றி எழுதிய பதிவை ஒரு பெரிய சமூக வலைதளம் நீக்கிவிட்டது. மேல்முறையீடு செய்தால் "விதிமீறல்" என்று ஒற்றை வார்த்தையில் பதில். எந்த விதி என்றுகூடச் சொல்லவில்லை. மனசு ஆறவில்லை.

2021-ல் டெக்சாஸ் கொண்டுவந்த ஹெச்.பி. 20 சட்டப்படி, அமெரிக்காவில் மாதம் 5 கோடிக்கு மேல் பயனர்கள் உள்ள தளம், சொன்ன கருத்துக்காகப் பதிவை நீக்கினால் நாமே வழக்குப் போடலாம். நஷ்டஈடு கிடையாது, நீதிமன்ற உத்தரவும் வக்கீல் செலவும் கேட்கலாம். (இதேபோன்ற ஃப்ளோரிடா சட்டத்தில் 1 லட்சம் டாலர் வரை கேட்க இடமிருந்தது.) ஆனால் 2024 ஜூலையில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்த இரண்டு சட்டங்களையும் எதிர்த்த வழக்குகளை மறுபடி விசாரிக்கச் சொல்லிக் கீழ் நீதிமன்றங்களுக்கு அனுப்பிவிட்டது. எதைக் காட்டுவது என்று தளம் முடிவெடுப்பதும் பேச்சுரிமைதான் என்று நீதிபதி கேகன் எழுதியிருப்பதுதான் கவலையாக இருக்கிறது.

இந்த நிலையில் தனி ஆள் போடும் வழக்கு நிற்குமா? தளத்தின் ஒப்பந்தம் கலிஃபோர்னியாவில்தான் வழக்காட வேண்டும் என்கிறது. அப்படி உரிமையை விட்டுக்கொடுக்க வைப்பது செல்லாது என்கிறது ஹெச்.பி. 20. எது எடுபடும்? இங்கே வக்கீலாக இருப்பவர்கள், ஏற்கெனவே முயன்றவர்கள் யாராவது சொல்லுங்கள், ப்ளீஸ்.