பாலையடியில் கரடி: காட்டில் கண்டதைப் பகிர்வோம்

ஆனி மாதம், திரியாய்ப் பக்கக் காடு. பாலைப்பழம் பொறுக்கச் சித்தப்பாவும் நானும் விடியக் காலமை வெளிக்கிட்டோம். முதிரையும் வீரையும் பாலையும் கலந்து நிற்கிற காடு. பெருமழை ஐப்பசிக்குப் பிறகுதான் என்பதால், மிதித்த இடமெல்லாம் சருகு நொறுங்கும்.

சித்தப்பா காட்டுக்குள் போனால் தடியால் மரத்தில் தட்டிக்கொண்டே போவார், கதையும் ஓயாது. சத்தம் போட்டால் மானையும் காட்டுக்கோழியையும் எப்படிப் பார்ப்பது என்று அன்றைக்கு நான்தான் அவரை மறித்துவிட்டேன்.

பெரிய பாலை ஒன்றின் அடியில் மஞ்சள் மஞ்சளாகப் பழம் கொட்டிக் கிடந்தது. இரண்டைத் தின்றதுமே பால் உதட்டில் பிசினாக ஒட்டிக்கொண்டது. குனிந்து பொறுக்கும்போது மரத்தின் பட்டையைக் கண்டேன். நாலைந்து நகக் கீறல். கீறலில் வெள்ளைப் பால் இன்னும் வடிந்துகொண்டிருந்தது. சித்தப்பா என் தோளைப் பிடித்தார். "மேல நிக்குது. ஓடாத, அப்படியே பின்னுக்கு வா."

அண்ணாந்து பார்த்தேன். கவட்டில் கறுத்த முதுகு, சடைத்த மயிர். ஒரு கையால் கொப்பை வளைத்து வாய்க்குக் கொண்டுபோனது. எங்களை அது கவனிக்கவே இல்லை.

இருபது முப்பது அடி பின்னுக்கு வந்த பிறகுதான் சித்தப்பா தடியால் தட்டிக் குரல் கொடுத்தார். கரடி பின்பக்கமாகவே சறுக்கி இறங்கியது. நெஞ்சில் அந்த வெள்ளை வளைவு தெரிந்தது. மூக்கைத் தூக்கி மணம் பிடித்துவிட்டுப் பற்றைக்குள் போய்விட்டது.

கரடிக்குக் கண்ணும் காதும் மந்தம், மூக்குத்தான் கூர்மை. தீனியில் இருக்கும்போது ஆள் திடீரென்று கிட்ட வந்தால் பயத்தில்தான் பாய்கிறது. பெரும்பாலும் காயப்படுவது முகமும் தலையும். சித்தப்பாவின் தட்டல் எதற்கென்று அன்றைக்குத்தான் விளங்கியது.

வழியில் அதன் எச்சம் கிடந்தது, முழுக்கப் பாலை விதை, மினுங்குகிற கபில நிறத்தில். மெல்ல வளர்கிற இந்த மரத்தைக் காடெங்கும் விதைப்பதில் கரடிக்கும் பங்கு உண்டு. ஆனால் கொஞ்சத் தூரத்திலேயே இன்னொரு பாலை கொப்புக் கொப்பாக வெட்டிக் கிடந்தது. ஏறிப் பறிக்கப் பஞ்சிப்பட்டு யாரோ செய்த வேலை. கரடியைக் கண்டபோது வராத நடுக்கம் அதைக் கண்டபோது வந்தது.

கந்தளாயிலிருந்து ஒருவர்:
வயல் காவலில் இருந்த நாட்களில் இரவில் கரடி புற்று உறிஞ்சுகிற சத்தம் கேட்டிருக்கிறேன். துருத்தி ஊதுகிற மாதிரி இருக்கும், வெகுதூரத்துக்குக் கேட்கும். மேல்வரிசையில் நடு முன்பல் இரண்டும் அதற்கு இல்லை. அந்த இடைவெளியால்தான் கறையானை இழுக்கிறது. அண்ணை, நீங்கள் தப்பியது பெரிய விஷயம்.

திருகோணமலை நகரிலிருந்து ஒருவர்:
எங்கள் பிள்ளைகள் கண்ட காட்டுயிர், கோணேசர் கோயிலுக்குப் போகும் வழியில் கோட்டைக்குள் நிற்கிற புள்ளிமான் மட்டும்தான். அதுவும் குப்பையில் பொலித்தீன் பையை இழுத்துத் தின்கிறது. போன வெள்ளிக்கிழமை ஒரு குட்டியின் வாயிலிருந்து என் மகள் பறித்தெடுத்தாள். காட்டுக்கு அவளையும் கூட்டிக்கொண்டு வரலாமா, அண்ணை?

பதில்:
கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள், தங்கச்சி. வைகாசிக் கடைசியில் பழம் விழத் தொடங்கும். விழுந்ததை மட்டும் பொறுக்குவோம். இந்த முறை தடியும் தட்டலும் என் பொறுப்பு.