புரொஃபஷனல் மிரர்லெஸ்ஸா, பாக்கெட் காம்பாக்ட்டா? மேடைக்கும் பயணத்துக்கும் ஒரே கேமரா போதுமா?

நிழல்வாசி:

வணக்கம் நண்பர்களே. வாங்கப்போவது ஒரே ஒரு கேமரா. அதனால் முடிவெடுக்கும் முன் விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

தேவைகள் மூன்று. முதலாவது, தினமும் கையில் இருக்க வேண்டும்: தெரு, பயணம், வீடு. இரண்டாவது, பிள்ளைகளின் மேடை நடனம். இரவு நேரம், உள்ளரங்கு, மேடையிலிருந்து சுமார் 8 மீட்டர் தள்ளி உட்கார்ந்து எடுக்க வேண்டும். மூன்றாவது, நல்ல படங்களை 12×18 அங்குலத்தில் பிரிண்ட் போட வேண்டும்.

மனதில் இருப்பவை: லென்ஸ் மாற்றக்கூடிய மிரர்லெஸ் கேமராவான சோனி ஏ7 மார்க் 4 உடன் சேர்த்தே விற்கும் 28-70 மி.மீ. கிட் லென்ஸ், இல்லையென்றால் பாக்கெட் காம்பாக்ட்களான சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 அல்லது ரிக்கோ ஜிஆர் 3. சில காம்பாக்ட்களில் எஃப்/1.8 (எஃப் எண் சிறிதானால் லென்ஸ் திறப்பு பெரிது) என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள், கிட் லென்ஸில் எஃப்/3.5-5.6 தான் இருக்கிறது. அப்படியானால் குறைந்த வெளிச்சத்தில் காம்பாக்ட்தானே மேல்? பெரிய கேமராவைச் சுமப்பதில் உண்மையில் என்ன லாபம்?

கூர்நோக்கு:

பாடியை (லென்ஸ் இல்லாத கேமராவை) முதலில் வைத்து யோசிப்பதால்தான் இந்தக் குழப்பம். எந்த வெளிச்சத்தில், எவ்வளவு தூரத்தில், எந்த ஷட்டர் ஸ்பீடில் எடுக்கப்போகிறீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள். மூன்றில் மேடைதான் கடினம், ஆகவே கணக்கை அங்கே போடுவோம்.

ஆடுகிற பிள்ளையின் கை கலங்காமல் பதிய ஷட்டர் ஸ்பீட் குறைந்தபட்சம் 1/250 விநாடி வேண்டும். துள்ளல் அதிகமென்றால் 1/500. உள்ளரங்க இரவு வெளிச்சம் ஈவி 6 என்று வைத்துக்கொள்வோம் (ஈவி என்பது வெளிச்சத்தின் அளவு; எண் ஒன்று கூடினால் வெளிச்சம் இரு மடங்கு). வீட்டுக்கூடமும் சிறிய அரங்கமும் பொதுவாக 5 முதல் 7-க்குள் வரும். இந்த வெளிச்சத்தில் 1/250 வைத்தால் தேவைப்படும் ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளியுணர்வு அளவு; இது ஏற ஏற நாய்ஸ், அதாவது படத்தில் மணல் தூவியதுபோன்ற புள்ளிகள், கூடும்):

எஃப்/1.8 என்றால் ஐஎஸ்ஓ 1250
எஃப்/2.8 என்றால் ஐஎஸ்ஓ 3200
எஃப்/4.5 என்றால் ஐஎஸ்ஓ 8000
எஃப்/5.6 என்றால் ஐஎஸ்ஓ 12800

இது எந்தக் கேமராவுக்கும் பொது. படத்தைப் பதியும் சென்சாரின் அளவு இதற்குப் பிறகுதான் கணக்கில் சேர்கிறது. ஏ7 மார்க் 4-இல் உள்ள ஃபுல் ஃப்ரேம் சென்சார் 36×24 மி.மீ. ஆர்எக்ஸ்100-இல் உள்ள ஒரு அங்குல சென்சார் என்பது உண்மையில் 13.2×8.8 மி.மீ. தான். பரப்பில் ஏறத்தாழ 7.4 மடங்கு வித்தியாசம். அதே எஃப் எண், அதே ஷட்டர் ஸ்பீட் வைத்தாலும் சின்ன சென்சாரில் படம் முழுவதற்கும் சேரும் வெளிச்சம் 7.4-இல் ஒரு பங்குதான், நாய்ஸ் கிட்டத்தட்ட 3 ஸ்டாப் அதிகம் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் இரு மடங்கு மாறுவது). எஃப் எண்ணை மட்டும் பார்த்து இரண்டையும் ஒப்பிடக் கூடாது என்பதற்குக் காரணம் இதுதான். ஒரு அங்குல சென்சாரின் எஃப் எண்ணை 2.7-ஆல் பெருக்குங்கள், ஃபுல் ஃப்ரேமில் எதற்குச் சமம் என்று தெரிந்துவிடும். எஃப்/1.8 கிட்டத்தட்ட எஃப்/4.9 ஆகிவிடும். நாய்ஸுக்கும் பேக்கிரவுண்ட் ப்ளருக்கும் இதே கணக்குதான்.

ஆர்எக்ஸ்100 மார்க் 7-இன் ஜூம் 24-200 வரை போகும், ஆனால் நீண்ட முனையில் எஃப்/4.5. மேடைக்கு ஐஎஸ்ஓ 8000. நாய்ஸ் பார்வையில் அது ஃபுல் ஃப்ரேமில் ஐஎஸ்ஓ 60000-ஐ ஒட்டிய படம். கேமராவே நாய்ஸைத் துடைத்து ஜேபெக் கொடுக்கும். துடைக்கும்போது தலைமுடியும் புடவை ஜரிகையும் சேர்ந்து மெழுகாகிவிடும். 12×18 பிரிண்டில் அது அப்படியே தெரியும்.

இப்போது உங்கள் கிட் லென்ஸுக்கு வருகிறேன். 70 மி.மீ.-இல் அது எஃப்/5.6. பழைய ஆர்எக்ஸ்100 மாடல்களில் 24-70, எஃப்/1.8-2.8 லென்ஸ் இருக்கும். அதன் 70 முனை எஃப்/2.8, பெருக்கினால் எஃப்/7.6. இரண்டுக்கும் உள்ள தூரம் ஒரு ஸ்டாப்கூட முழுதாக இல்லை! அவ்வளவு பெரிய பாடியை வாங்கி கிட் லென்ஸ் மாட்டினால் கிடைக்கிற லாபம் அவ்வளவுதான். ஆட்டோஃபோகஸ், வ்யூஃபைண்டர், பேட்டரி ஆகியவை வேறு விஷயம்; அங்கே பெரிய பாடி நிச்சயம் மேல். படத்தின் தரத்துக்காக மட்டும் என்றால் கிட் லென்ஸோடு ஃபுல் ஃப்ரேம் வாங்குவது பணத்தைத் தவறான இடத்தில் போடுவது என்பேன்.

இன்னொன்று. 8 மீட்டரிலிருந்து 70 மி.மீ.-இல் பார்த்தால் குறுக்கே 4.1 மீட்டர் அகலம் படத்தில் விழும். ஒற்றை ஆளுக்கு அது எட்டாது, பாதிக்கு மேல் வெட்ட வேண்டிவரும். முறையாகச் செய்ய 70-200 எஃப்/2.8 வேண்டும். சோனியின் ஜிஎம் 2 லென்ஸ் மட்டும் 1045 கிராம், ஏ7 மார்க் 4 பாடி 658 கிராம். இரண்டும் சேர்ந்து 1.7 கிலோ கழுத்தில். தினமும் தூக்குவீர்களா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஒளிக்கீற்று:

கூர்நோக்கு சொன்ன கணக்கு சரி, ஆனால் காம்பாக்ட் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஜிஆர் 3-இல் இருப்பது ஏபிஎஸ்-சி சென்சார் (ஃபுல் ஃப்ரேமைவிடச் சிறிது, ஒரு அங்குலத்தைவிடப் பெரிது), 257 கிராம், நிஜமாகவே பேன்ட் பாக்கெட்டில் போகும். லென்ஸ் ஃபுல் ஃப்ரேமில் 28 மி.மீ. காட்டும் அகலத்துக்குச் சமானம், எஃப்/2.8. அதே 28-இல் கிட் லென்ஸ் எஃப்/3.5, ஜிஆர் 1.5-ஆல் பெருக்கினால் எஃப்/4.2. அரை ஸ்டாப் வித்தியாசத்துக்கு நான்கு மடங்கு எடையைச் சுமக்க வேண்டியதில்லை. ஜூம் கிடையாது என்பதே அதன் குறையும் அதன் பலமும். ஓரங்களை வெட்டி (கிராப் செய்து) 50 மி.மீ. ஆக்கினால் 24 மெகாபிக்சல் 7 ஆகிவிடும். 12×18-க்கு அங்குலத்துக்கு 190 புள்ளிகூட வராது. அந்த அளவில் 300 புள்ளி வேண்டுமென்றால் 5400×3600, அதாவது 19.4 மெகாபிக்சல் தேவை. கிராப் செய்யாத 20 மெகாபிக்சல் படமே போதும் என்பதையும் இதோடு கவனியுங்கள். பிரிண்டுக்காக 33 மெகாபிக்சல் தேடி ஓட வேண்டாம்.

தெருவுக்கு ஜிஆரின் ஸ்னாப் ஃபோகஸ் பெரிய ஆயுதம். தூரத்தை 2.5 மீட்டரில் வையுங்கள், அப்பர்ச்சர் (லென்ஸ் திறப்பு) எஃப்/8, ஐஎஸ்ஓ ஆட்டோ. ஏறத்தாழ 1.2 மீட்டரிலிருந்து கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தெளிவாக விழும். ஷட்டர் பட்டனைப் பாதியில் நிறுத்தாமல் ஒரே அழுத்தாக அழுத்தினால் ஆட்டோஃபோகஸைத் தேடாமல் அந்தத் தூரத்திலேயே உடனே எடுத்துவிடும்.

லீஃப் ஷட்டரைப் பற்றி யாரும் பேசவில்லை. இங்கே சொல்லும் காம்பாக்ட்கள் எல்லாவற்றிலும் அது லென்ஸுக்குள் இருக்கிறது. மிரர்லெஸ்ஸின் திரை ஷட்டர் பிளாஷோடு 1/200 அல்லது 1/250 வரைதான் ஒத்துப்போகும். உச்சி வெயிலில் முகத்தில் விழும் நிழலை பிளாஷால் நிரப்ப வேண்டும் என்று வையுங்கள். ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/250 என்றால் அப்பர்ச்சரை எஃப்/10 வரை மூட வேண்டும். லீஃப் ஷட்டரில் 1/1600, எஃப்/4 வைக்கலாம். பிளாஷுக்குத் தேவைப்படும் சக்தி ஆறில் ஒரு பங்காகிவிடும், சின்ன பிளாஷே போதும். கவனம்: பிளாஷை முழு சக்தியில் விட்டால் அதன் ஒளி நீண்ட நேரம் எரியும், 1/1600-இல் அதன் வாலை ஷட்டர் வெட்டிவிடும். பாதி சக்திக்குக் கீழே வைத்துப் பழகுங்கள்.

காம்பாக்ட்டில் கெடுவது எது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். வெளியே நீண்டு உள்ளே மடங்கும் லென்ஸ் ஒவ்வொரு முறையும் காற்றை உள்ளே இழுக்கும், கூடவே பாக்கெட்டில் உள்ள பஞ்சும் தூசியும் போகும். எஃப்/8-க்கு மேல் மூடி வெறும் வானத்தை எடுத்தால் சாம்பல் நிறப் புள்ளியாகத் தெரியும். லென்ஸைக் கழற்றி ஊத முடியாது; சர்வீஸில் முழுதாகப் பிரித்துத்தான் துடைக்க வேண்டும். பைக்குள் தவறிப்போய் ஆன் ஆனால், நீள முடியாமல் லென்ஸ் குழல் சிக்கி மோட்டார் பல்சக்கரம் பழுதாகும். துணியுறை ஒன்று போட்டு, அந்தப் பாக்கெட்டில் வேறெதுவும் வைக்காமல் இருந்தால் இரண்டு தொல்லையும் பெரும்பாலும் வராது. பேட்டரியும் சின்னது: ஜிஆர் 3 சுமார் 200 படம், ஆர்எக்ஸ்100 மார்க் 7 சுமார் 260, ஏ7 மார்க் 4 ஐநூறுக்கு மேல். காம்பாக்ட் வாங்கினால் கூடுதல் பேட்டரி இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

ஆனால் மேடைக்கு ஜிஆர் வேண்டாம். 28 மி.மீ.-இல் 8 மீட்டர் தள்ளி நின்றால் ஆடுகிறவர் எறும்பாகத்தான் தெரிவார்.

நிழல்வாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. எஃப் எண்ணைப் பெருக்கிப் பார்க்க வேண்டும் என்பது இப்போதுதான் புரிகிறது. 1.7 கிலோ தினமும் முடியாது. இரண்டுக்கும் நடுவே, ஏபிஎஸ்-சி மிரர்லெஸ்ஸும் ஜூம் இல்லாத ஒரு பிரைம் லென்ஸும் என்று போனால் மேடைக்குத் தாங்குமா? ஸ்டெபிலைசேஷன் இருந்தால் ஷட்டர் ஸ்பீடைக் குறைத்துக்கொள்ளலாம் அல்லவா?

கூர்நோக்கு:

ஸ்டெபிலைசேஷன் உங்கள் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், ஆடுகிறவரை நிறுத்தாது. 1/30-இல் மேடைத் தூண் கூர்மையாக இருக்கும், பிள்ளையின் கை கோடாக இழுபட்டிருக்கும். 1/250-இலிருந்து இறங்காதீர்கள்.

ஏபிஎஸ்-சி நன்றாகவே தாங்கும். 85 மி.மீ. எஃப்/1.8 மாட்டினால் மேலே சொன்ன வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ 1250 போதும். பரப்பு வித்தியாசம் 2.36 மடங்கு, பெருக்கினால் ஃபுல் ஃப்ரேமில் ஐஎஸ்ஓ 3000. அதாவது ஃபுல் ஃப்ரேமில் எஃப்/2.8 ஜூம் கொடுக்கும் படத்துக்கு நாய்ஸில் சமம். சட்டகமும் பொருந்தும்: 8 மீட்டரில் 2.2×1.5 மீட்டர் இடம் விழும், கேமராவை நெடுக்காகப் பிடித்தால் ஒருவர் தலை முதல் கால் வரை அடங்குவார். குழு நடனத்துக்கு இது போதாது, அதற்கு 35 அல்லது 50 எஃப்/1.8 வேண்டும்.

உதாரணத்துக்கு சோனி ஏ6700 பேட்டரியோடு 493 கிராம், 85 எஃப்/1.8 லென்ஸ் 371 கிராம். சேர்த்து 864. மேடை இல்லாத நாட்களில் 20 மி.மீ. எஃப்/2.8 பான்கேக் (தட்டையான சின்ன லென்ஸ்), வெறும் 69 கிராம், மொத்தம் 562. பேன்ட் பாக்கெட்டில் போகாது, சிறிய தோள்பையில் போகும். ஏ7 மார்க் 4-இல் உள்ள அதே பெரிய பேட்டரிதான். கார்டு ஸ்லாட் மட்டும் ஒன்றே ஒன்று. பணம் வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுக்கிறவருக்கு இரண்டு ஸ்லாட் கட்டாயம் என்பேன், உங்களுக்கு அது தேவையில்லை.

உங்கள் பட்டியலுக்கு நான் இதைத்தான் வாங்கச் சொல்வேன். மேடை வருடத்தில் ஓரிரு தடவை மட்டும், மற்ற நாளெல்லாம் தெருவும் பயணமும் என்றால் ஜிஆர்தான் சரி. மேடை நாளுக்கு மட்டும் கேமராவும் லென்ஸும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

ஒளிக்கீற்று:

ஒப்புக்கொள்கிறேன், இரண்டு எச்சரிக்கைகளோடு.

மேடையில் சத்தம் வரக்கூடாது என்று எலக்ட்ரானிக் ஷட்டருக்கு மாற்றாதீர்கள். ஸ்டாக்டு சென்சார் (மிக வேகமாக வாசிக்கும் வகை) இல்லாத பாடிகளில் சென்சாரை மேலிருந்து கீழே வாசித்து முடிக்க நேரம் எடுக்கும். ஏ7 மார்க் 4-இல் அது ஏறத்தாழ 1/15 விநாடி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு விநாடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஒரு படம் முடிவதற்குள் ஆறேழு தடவை மங்குவதால் படத்தில் குறுக்கே பட்டை பட்டையாக விழும். மெக்கானிக்கல் ஷட்டரில் வைத்து, மெனுவில் விளக்கு மினுக்கலைச் சமாளிக்கும் ஆன்டி ஃப்ளிக்கர் இருந்தால் அதையும் ஆன் செய்யுங்கள். கலர் எல்இடி விளக்குகள் சில இதற்கும் அடங்காது; அப்போது 1/100-க்கு இறங்கி, ஆடுகிறவர் ஒரு நொடி நிற்கும் இடத்தைப் பிடிக்க வேண்டியதுதான்.

லென்ஸ் மாற்றும்போது பாடியின் வாயைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். தூசி விழுந்தால் ரப்பர் பல்ப் ஊதுகுழல் போதும். டப்பாவில் அடைத்து வரும் காற்றை அடித்தால் அதிலுள்ள திரவம் சென்சார் கண்ணாடியில் கறையாகப் படியும்.

வாங்குவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். அடுத்த நிகழ்ச்சியில் போனின் மெயின் கேமராவை ப்ரோ மோடில் வைத்து, ஷட்டரை 1/250-இல் பூட்டி, முகம் சரியான வெளிச்சத்தில் தெரியும்வரை ஐஎஸ்ஓவை ஏற்றுங்கள். பல போன்களின் மெயின் லென்ஸ் எஃப்/1.8-ஐ ஒட்டி இருக்கும், எதற்கும் உங்கள் போனில் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். எஃப்/1.8 என்றால், வந்த ஐஎஸ்ஓவை 2.4-ஆல் பெருக்கினால் எஃப்/2.8 லென்ஸுக்கு, 6.25-ஆல் பெருக்கினால் எஃப்/4.5 காம்பாக்ட்டுக்குத் தேவையான ஐஎஸ்ஓ கிடைக்கும். 12×18 பிரிண்டுக்கு என் அளவுகோல்: ஒரு அங்குல சென்சாரில் 800, ஏபிஎஸ்-சியில் 3200, ஃபுல் ஃப்ரேமில் 6400. விடை இதற்குள் அடங்கினால் அந்தக் கேமரா போதும். ஒத்திகையில் அளக்காதீர்கள், அப்போது பெரும்பாலும் அறைவிளக்கு மட்டும்தான் எரியும். மேடையின் முன்விளக்குகள் முழுவதும் எரியும்போது, போன் திரையில் முகத்தைத் தொட்டு அளந்தால்தான் எண் சரியாக வரும்.